3 கொட்டேஷன், 3 ரேட்: வீடு கட்ட யாரிடம் கொடுப்பது?

#1 தெற்கு_வாசல்

வணக்கம். சென்னையை அடுத்த ஊரப்பாக்கம் பக்கம் 30க்கு 60 அடி மனை, தெரு 23 அடி. தரைத்தளம் 900, மாடி 900, ஆக 1,800 சதுர அடி. இது தவிர போர்ட்டிகோ 120, பால்கனி 60, மொட்டை மாடியில் படிக்கட்டை மூடும் ஹெட்ரூம் 90.

மூன்று பேர் ரேட் கொடுத்திருக்கிறார்கள்.
ஏ: மெட்டீரியலோடு சதுர அடி 2,150.
பி: மெட்டீரியலோடு 2,450.
சி: கூலி மட்டும், சதுர அடி 500. சிமெண்ட், கம்பி, செங்கல், மணல் எல்லாம் நாமே இறக்க வேண்டும்.

ஏ-க்கும் பி-க்கும் 300 ரூபாய் வித்தியாசம். 1,800 அடிக்கு 5,40,000. அவ்வளவு கூடக் கொடுக்கிற அளவுக்கு பி-யிடம் என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

#2 கணக்குப்பிள்ளை

5,40,000 என்பது தப்புக் கணக்கு சார். இரண்டு பேரும் ஒரே 1,800 அடியைத்தான் அளக்கிறார்கள் என்று நீங்களாக எடுத்துக்கொண்டீர்கள். இரண்டு கொட்டேஷனிலும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை அப்படியே இங்கே போடுங்கள். போர்ட்டிகோ, பால்கனி முழுசாகவா பாதியாகவா, ஹெட்ரூம் உண்டா, சம்ப் என்ற தரைக்கீழ் தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் யார் கணக்கு, பேஸ்மென்ட், அதாவது வீட்டைத் தூக்கி நிறுத்தும் அடிமேடை, உயரம் எங்கிருந்து எங்கே. பிறகு பேசுவோம்.

#3 தெற்கு_வாசல்

ஏ: "தள அளவுப்படி", அதாவது போர்ட்டிகோ, பால்கனி, ஹெட்ரூம் மூன்றும் முழு அளவு. சம்ப், செப்டிக் டேங்க் தனி, லிட்டருக்கு 22 ரூபாய். பேஸ்மென்ட் தரையிலிருந்து 2 அடி.

பி: போர்ட்டிகோ, பால்கனி பாதி அளவு. ஹெட்ரூமுக்குத் தனிக் காசு இல்லை. 6,000 லிட்டர் சம்ப், 4,000 லிட்டர் செப்டிக் டேங்க் ரேட்டுக்குள் அடக்கம். பேஸ்மென்ட் ரோடு மட்டத்திலிருந்து 3 அடி.

காம்பவுண்ட் சுவர், கேட், போர்வெல், ஈபி இணைப்பு இரண்டு பேருக்குமே தனி.

#4 கணக்குப்பிள்ளை

இப்போது கணக்கு.

ஏ: 1,800 + 120 + 60 + 90 = 2,070 அடி. 2,150 வீதம் 44,50,500. அதே 10,000 லிட்டர் தொட்டிகள் லிட்டர் 22 வீதம் 2,20,000. மொத்தம் 46,70,500.

பி: 1,800 + போர்ட்டிகோ, பால்கனியில் பாதி 90 = 1,890 அடி. 2,450 வீதம் 46,30,500.

ஆக ரேட் குறைவாகச் சொன்னவர் 40,000 ரூபாய் அதிகம். பேஸ்மென்ட் வித்தியாசம் இன்னும் இதில் சேரவில்லை. ஒரு அடி உயர்த்த 900 சதுர அடிக்கு 900 கன அடி, அதாவது 9 யூனிட் நிரப்பு மண். கெட்டிப்படுத்தினால் இறங்கும் என்பதால் லாரிக் கணக்கில் 11, 12 யூனிட் வரும். சுற்றுச் சுவரும் ஒரு அடி ஏறும். "தரையிலிருந்து" என்று எழுதினால் எந்தத் தரை? மனையே ரோட்டை விடப் பள்ளமாக இருந்தால் 2 அடி பேஸ்மென்ட் ரோட்டுக்குச் சமமாக வந்து நிற்கும். அடுத்த முறை பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டால் மழைத் தண்ணீர் வாசல்படி ஏறும். உயரத்தை எப்போதும் ரோட்டின் நடு மட்டத்திலிருந்து எழுதச் சொல்லுங்கள்.

#5 ரசமட்டம்

கணக்குப்பிள்ளை சொன்னதோடு ஒரு கேள்வி. கடைக்கால் ஆழம் என்ன எழுதியிருக்கிறார்கள்? மண் பரிசோதனை செய்தாயிற்றா?

#6 தெற்கு_வாசல்

மூன்று பேருமே 5 அடி என்று எழுதியிருக்கிறார்கள் சார். மண் டெஸ்ட் தேவையில்லை, பக்கத்து வீட்டுக்கும் அதே 5 அடிதான் என்றார்கள். ஏரி கொஞ்ச தூரத்தில் இருக்கிறது.

#7 ரசமட்டம்

ஏரி அருகில் என்றால் கட்டாயம் டெஸ்ட் எடுங்கள். மனைக்குள் எதிரெதிர் மூலையில் இரண்டு துளை போதும். ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது மூன்று: எந்த ஆழத்தில் சதுர மீட்டருக்கு எத்தனை டன் தாங்கும், நிலத்தடி நீர் எவ்வளவு கீழே, களிமண் உப்பிச் சுருங்கும் தன்மை உள்ளதா. உப்பும் களியாக இருந்தால் 5 அடியில் தூணுக்குக் கீழே சாதாரண ஃபுட்டிங் போட்டு, மழைக்கும் வெயிலுக்கும் சுவரில் மூலைவிட்டமாக விரிசல் பார்ப்பதுதான் மிச்சம். கோவில்பட்டி, விருதுநகர் கரிசலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் அடி பெருத்த பைல் போடுவது அதனால்தான். பக்கத்து வீடு சாட்சி ஆகாது. அந்த மனை இயற்கை மண்ணாகவும் இந்த மனை கொட்டி நிரப்பியதாகவும் இருக்கலாம்.

பில்டரை எடைபோடவும் இது உதவும். ரிப்போர்ட்டைக் கொடுத்து, "இதற்கு ஃபுட்டிங் டிசைன் யார் செய்வார், கையெழுத்து யார் போடுவார்" என்று கேளுங்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பெயரைச் சொல்பவர் ஒரு ரகம், "நம்ம மேஸ்திரிக்கு 25 வருஷ அனுபவம்" என்பவர் இன்னொரு ரகம். 5 அடிக்கு மேல் போனால் கூடுதல் ஆழத்துக்கு என்ன ரேட் என்பதையும் இப்போதே எழுதி வாங்குங்கள். குழி தோண்டிய பிறகு பேரம் பேச முடியாது.

#8 கொத்துக்கரண்டி

கூலி கான்ட்ராக்ட்ட யாரும் பேசல, நான் சொல்றேன். சி சொன்ன 500ல எது வரும் எது வராதுன்னு பாருங்க. வழக்கமா கொத்து வேலை, சென்ட்ரிங் (கான்கிரீட்டுக்கு பலகை, முட்டு அடிக்கறது), கம்பி கட்டு, பூச்சு இவ்ளோதான் இருக்கும். டைல்ஸ், பெயின்ட், ஈபி, பிளம்பிங் கூலி எல்லாம் தனி. சென்ட்ரிங் சாமான் வாடகை அவருதா உங்களுதா? மிக்ஸர், கான்கிரீட்ட குலுக்கி இறுக்கற வைப்ரேட்டர் வாடகை? அதுக்கு டீசல்?

மெட்டீரியல் நீங்க எடுத்தா தரம் உங்க கையில, அது நிஜம். ஆனா தினமும் காலைல 8 மணிக்கு சைட்ல ஆள் வேணும். சிமெண்ட் மூட்டை எண்ணணும், ஜல்லி லாரியில ஏறி டேப் வச்சு அளக்கணும். மணல் வரலன்னு 6 ஆளு சும்மா உக்காந்தா அன்னிக்கு கூலிய யார் தர்றதுங்கற சண்டை முதல் மாசமே வந்துரும். வேலைக்குப் போறவங்களுக்கு இது ஒத்து வராது.

மொத்த சரக்குக்கு உத்தேசக் கணக்கு: கம்பி சதுர அடிக்கு மூன்றரைல இருந்து நாலரை கிலோ, சிமெண்ட் சதுர அடிக்கு 0.4 மூட்டை சுமார். உங்க 1,890 அடிக்கு 7, 8 டன் கம்பி, 750 மூட்டை சிமெண்ட். டிசைனைப் பொறுத்து மாறும்.

#9 வில்லங்கம்

ரேட் எல்லாம் சரி. "வரிகள் தனி" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். மெட்டீரியலோடு செய்யும் கான்ட்ராக்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பி-யின் 46,30,500க்கு அது 8,33,490. ஒரே வரியில் எட்டு லட்சம்! தனி வீட்டுக்கு வெறும் கூலி கான்ட்ராக்ட் என்றால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. சி-யை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். ரேட் வரியோடு சேர்த்ததா இல்லையா என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். "பில் வேண்டாம்னா வரி இல்ல சார்" என்பார்கள். பில் இல்லாமல் பணம் கொடுத்தால் நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் எதைக் காட்டுவீர்கள்?

சொந்த மனையில் தனி வீடு கட்டித் தருவது ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வராது. ரெரா நம்பர் இருக்கிறது என்று பில்டர் காட்டினால் அது அவருடைய வேறு புராஜெக்டுக்கு. உங்களுக்குக் கை கொடுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான். வீடு கட்டித் தருவது அதில் சேவை. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், காலக்கெடு 2 வருடம்.

அனுமதி விஷயம்: 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரையும் ஒரு மாடியும் என்றால் 2024 முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. உங்கள் 1,800 அடி மனை இதற்குள் வரும். ஆனால் சுயசான்று என்றால் விதி மீறினால் பொறுப்பும் நமதே. பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் ஒரு அடி இழுத்துக்கொள்ளலாம், "ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் பில்டர் கையெழுத்துப் போட மாட்டார், நீங்கள்தான் போடுவீர்கள்.

#10 தெற்கு_வாசல்

ஏ சொல்லும் பணத் தவணை: அட்வான்ஸ் 15, பேஸ்மென்ட் 20, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்) 15, தரைத்தள ரூஃப் 20, மாடி ரூஃப் 15, பூச்சு 10, சாவி 5 சதவீதம். பி இன்னும் தவணை சொல்லவில்லை. இது சரியா?

#11 கணக்குப்பிள்ளை

இதை வாங்கிப் போட்டதற்கு நன்றி. மூன்று கொட்டேஷனிலும் முதலில் படிக்க வேண்டிய தாள் இதுதான். ரேட்டைக் கூட அப்புறம் பார்க்கலாம்.

கூட்டிப் பாருங்கள். மாடி ரூஃப் கான்கிரீட் போட்ட அன்றைக்கு 85 சதவீதம் கொடுத்து முடித்திருப்பீர்கள். 44,50,500ல் அது 37.8 லட்சம். அந்தக் கட்டத்தில் சைட்டில் நிற்கும் வேலையின் மதிப்பு ஏறக்குறைய 55 சதவீதம், 24.5 லட்சம். பூச்சு, டைல்ஸ், கதவு, ஜன்னல், ஒயரிங், பாத்ரூம், பெயின்ட் எல்லாம் பாக்கி. 13 லட்சம் உங்கள் பணம் அவர் கையில், அவர் அடுத்த சைட்டுக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருப்பார். ரூஃப் போட்டபின் வேலை நின்றுபோன வீடுகளில் பாதிக்குக் காரணம் இந்தத் தவணைதான் என்பேன்.

இப்படிக் கேளுங்கள்: அட்வான்ஸ் 5, கடைக்கால் முதல் சுவருக்கு அடியில் ஓடும் பிளின்த் பீம் வரை முடிந்ததும் 12, தரைத்தளச் சுவர் லிண்டல் வரை 10, தரைத்தள ரூஃப் 13, மாடிச் சுவர் லிண்டல் 8, மாடி ரூஃப் 12, கைப்பிடிச் சுவரும் உள்பூச்சும் 10, வெளிப்பூச்சு 5, டைல்ஸ் 8, கதவு, ஒயரிங், பிளம்பிங், பெயின்ட் சேர்த்து 10, சாவி 2. கடைசி 5 சதவீதம் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டின பிறகு. எல்லாம் வேலை முடிந்து, பார்த்து, பிறகுதான். மாடி ரூஃப் வரை 60.

#12 கொத்துக்கரண்டி

அண்ணே, 5 பர்சென்ட்ல யாரும் வேலை ஆரம்பிக்க மாட்டாங்க. கடைக்காலுக்கே ரெண்டு டன் கம்பி, 100 மூட்டைக்கு மேல சிமெண்ட், ஜேசிபி, ஆள் கூலி. சின்ன பில்டர் வட்டிக்கு வாங்கித்தான் போடணும். அந்த வட்டி உங்க ரேட்லதான் ஏறும். நல்ல வேலைக்காரன் வேணாம்னு போயிருவான், பசையுள்ள ஆள் மட்டும்தான் மிஞ்சுவான்.

#13 கணக்குப்பிள்ளை

நியாயம். அட்வான்ஸை ஏற்றாமல் வேறு வழி உண்டு. கம்பிக்கும் சிமெண்டுக்கும் வீட்டுக்காரரே கடைக்கு நேராகப் பணம் அனுப்பட்டும், அது அந்தத் தவணையில் கழியட்டும். பில் வீட்டுக்காரர் பெயரில், சரக்கு சைட்டில். பில்டருக்கும் முடை இல்லை, பணம் வேறு சைட்டுக்கும் போகாது. இதற்கு ஒத்துக்கொள்ளாத பில்டர் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று யோசியுங்கள்.

#14 கொத்துக்கரண்டி

அது சரி வரும். நானும் அதைத்தான் சொல்லுவேன்.

#15 தாழ்வாரம்

காகிதம் பேசியாயிற்று. சைட்டுக்கு வருவோம். முடித்த வீட்டைக் காட்டினால் பெயின்ட் அடித்து எல்லாம் அழகாகத்தான் இருக்கும். நடந்துகொண்டிருக்கும் சைட் கேளுங்கள், சொல்லாமல் கொள்ளாமல் போங்கள். அரை மணி நேரம் போதும்.

சென்ட்ரிங் பிரித்த காலம்களின், அதாவது கான்கிரீட் தூண்களின், அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள். ஜல்லி தனித்தனியாகத் தேன்கூடு மாதிரி தெரிந்தால் வைப்ரேட்டர் சரியாகப் போகவில்லை அல்லது பலகை இடுக்கில் சிமெண்ட் பால் ஒழுகிவிட்டது. அதன்மேல் புதிதாகச் சிமெண்ட் பூசி மறைத்திருந்தால் இன்னும் மோசம். காலம்களில் ஈரச் சாக்கு சுற்றியிருக்கிறதா? தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறதா? இப்படி ஈரம் காப்பது சாதா ஓபிசி சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி என்றால் 10 நாள், நம் ஊர் வெயிலுக்கு 14 நாள் நல்லது.

செங்கல்லைக் கட்டும் முன் நனைக்கிறார்களா? உலர்ந்த ஒரு கல்லை எடை போட்டு 24 மணி நேரம் ஊறவைத்து மறுபடி போடுங்கள். 3 கிலோ கல் 600 கிராமுக்கு மேல் குடித்தால் அந்தச் சூளை வேண்டாம். சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கலவை போட்டு எத்தனை நேரம் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறுகிய கலவையில் தண்ணீர் தெளித்துக் கிளறுகிற மேஸ்திரி என்றால் அந்த ஒரு காட்சியே போதும்.

அந்த வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: எக்ஸ்ட்ரா என்று எவ்வளவு ஆயிற்று, எதற்கு?

#16 ரசமட்டம்

தாழ்வாரம் மேடம் சொன்னதற்கு மேல், கம்பி.

12 மி.மீ. கம்பி ஒன்று 12 மீட்டர் நீளம், எடை 10.66 கிலோ வர வேண்டும். 8 மி.மீ. 4.74, 10 மி.மீ. 7.4, 16 மி.மீ. 18.96. விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை, மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கம்பிக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1786 அனுமதிக்கும் குறைவு 10 மி.மீ. வரை 7 சதவீதம், 12க்கும் 16க்கும் 5 சதவீதம். 12 மி.மீ. கம்பி 10.1 கிலோவுக்குக் கீழே என்றால் திருப்பி அனுப்புங்கள். கொட்டேஷனில் "டிஎம்டி கம்பி" என்று மட்டும் எழுதினால் போதாது. பலத் தரம் எஃப்இ 500டி, ஐஎஸ்ஐ குறி, எந்த கம்பெனி, எல்லாம் வேண்டும்.

காலம் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தின் முனை 135 டிகிரி உள்பக்கம் மடங்கியிருக்க வேண்டும். 90 டிகிரியில் எல் மாதிரி விட்டுவிடுவது இங்கே வழக்கம், மடக்குவது கையை வலிக்கும். சென்னை நிலநடுக்க மண்டலம் 3ல் இருக்கிறது. குலுங்கும்போது மேல் கான்கிரீட் உதிர்ந்தால் அந்த எல் பிரிந்துகொள்ளும், காலம் வயிறு வெடிக்கும்.

கம்பி பலகையில் ஒட்டாமல் தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் தளத்துக்கு 20 மி.மீ., பீமுக்கு 25, காலமுக்கு 40, ஃபுட்டிங்குக்கு 50. உடைந்த டைல்ஸ், ஜல்லிக் கல்லை வைத்து ஒப்பேற்றினால் நிறுத்துங்கள்.

இவற்றில் மிக ஆபத்தானது பால்கனி. சுவரைத் தாண்டி நீளும் தளத்தில் இழுவிசை மேல்பக்கம். அதனால் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும், உள்தளத்துக்குள்ளும் போதிய நீளம் போக வேண்டும். கம்பி கட்டுகிறவர் சரியாகவே கட்டியிருப்பார். கான்கிரீட் போடும் அன்று பத்துப் பேர் அதன்மேல் நடந்து மிதித்து அடியில் தள்ளிவிடுவார்கள். மேலே பார்த்தால் கான்கிரீட் நன்றாகத்தான் தெரியும். முட்டுப் பிரித்ததும் அல்லது ஒரு வருடம் கழித்துச் சுவரோரம் மேல்பக்கம் நீளமாக விரிசல் விடும். கம்பியால் செய்த நாற்காலி முட்டு அடிக்கு ஒன்று வைத்து, நடக்கப் பலகை போடச் சொல்லுங்கள். சன்ஷேடுக்கும் இதேதான்.

முட்டுப் பிரிப்பதிலும் அவசரம் கூடாது. கான்கிரீட்டுக்கான தர விதி ஐஎஸ் 456 படி நாலரை மீட்டர் வரையிலான தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் 6 மீட்டர் வரை 14 நாள். சென்ட்ரிங் வாடகை நாள் கணக்கில் ஓடும் பில்டர் ஐந்தாம் நாளே கண் வைப்பார்.

#17 தெற்கு_வாசல்

ரூஃபுக்கு ரெடிமிக்ஸ், அதாவது ஆலையில் கலந்து லாரியில் வரும் கான்கிரீட், வாங்கச் சொல்லலாமா? பி சைட்டிலேயே மிக்ஸர் போடுவதாகச் சொல்கிறார்.

#18 கொத்துக்கரண்டி

மிக்ஸர்ல போட்டா என்ன தப்பு? ஊர்ல நிக்கிற வீட்டுல பாதி மிக்ஸர்ல போட்டதுதான்.

#19 ரசமட்டம்

தப்பில்லை அண்ணே, அளந்து போட்டால். 30க்கு 30க்கு 39 செ.மீ. பெட்டி ஒன்று 35 லிட்டர், அதுதான் ஒரு மூட்டை சிமெண்டின் கன அளவு. எம்20 என்ற பலத் தரக் கான்கிரீட்டுக்கு மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், 3 பெட்டி ஜல்லி, தண்ணீர் 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. சைட்டில் நடப்பது பாண்டு, அதாவது சட்டிக் கணக்கு: ஒருவர் குவித்துப் போடுவார், இன்னொருவர் முக்கால் போடுவார். தண்ணீர் குடத்தில், கண் மதிப்பு. சாயங்காலம் ஆள் களைத்துவிட்டால் கலவை இளகிக்கொண்டே போகும்.

உங்கள் 900 அடித் தளம் 5 அங்குல கனத்துக்கு 375 கன அடி, அதாவது 10.6 கன மீட்டர். பீம், சன்ஷேட் சேர்த்து 14 பக்கம் வரும். 6 கன மீட்டர் லாரி இரண்டு, பிறகு மூன்றில் ஒரு பங்கு லாரி. 23 அடித் தெருவில் லாரி வரும். ரெடிமிக்ஸ் என்றால் ஒரு படி மேலான எம்25 டிசைன் மிக்ஸ் கேளுங்கள். ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும், சீட்டில் நேரம் இருக்கும். பம்பில் போகவில்லை என்று டிரம்மில் ஹோஸ் பிடித்தால் தடுத்துவிடுங்கள். தண்ணீரை ஊற்றினால் எம்25க்குக் கொடுத்த காசு அங்கேயே போயிற்று.

எதில் போட்டாலும் பலம் சோதிக்க 150 மி.மீ. கான்கிரீட் கியூப் 6 எடுங்கள். 14 கன மீட்டருக்கு இரண்டு சாம்பிள், சாம்பிளுக்கு 3 கியூப். அது 28ஆம் நாள் கணக்குக்கு. 7ஆம் நாள் பார்க்க 3 கூடுதலாக எடுக்கலாம். அப்போதே மூன்றில் இரண்டு பங்கு பலம் வந்துவிட வேண்டும். "கியூப் எடுப்போம்" என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தாலே கலவை திருந்திவிடும், இது வேடிக்கைதான்.

#20 தெற்கு_வாசல்

அனைவருக்கும் நன்றி. பி-யிடம் பேசினேன். மண் டெஸ்டுக்கும் ஸ்ட்ரக்சுரல் டிசைனுக்கும் ஒத்துக்கொண்டார். அட்வான்ஸ் 7, மாடி ரூஃப் வரை 62, கடைசி 3 சதவீதம் ஆறு மாதம் கழித்து. கம்பிக்கு நேராகக் கடைக்குப் பணம். ரூஃபுக்கு ரெடிமிக்ஸ் எம்25, வித்தியாசம் சதுர அடிக்கு 25 ரூபாய். ரேட் ஜிஎஸ்டி சேர்த்தது என்று எழுதித் தர யோசிக்கிறார். ஏ தவணையை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்.

#21 கணக்குப்பிள்ளை

ஏ-யை விட்டுவிடுங்கள். பி-யிடம் "ஆறு மாதம்" என்பதை "சாவி கொடுத்தபின் வரும் டிசம்பர் 31 வரை, அல்லது ஆறு மாதம், எது பிந்தியதோ அது" என்று மாற்றுங்கள். ஜனவரியில் சாவி கொடுத்தால் ஜூலையில் பணம் போய்விடும், மழை அக்டோபரில் வரும்.

25 ரூபாயை 1,890 அடி மேல் போட்டால் 47,250. இரண்டு தளத்துக்கும் சேர்த்து 28 கன மீட்டர்தான் ரெடிமிக்ஸ். கன மீட்டருக்கு 1,687 ரூபாய் கூடுதல் கேட்கிறார். மிக்ஸர் வாடகையும் கலவை ஆள் கூலியும் அவருக்கு மிச்சம் ஆகுமே. பாதிக்குப் பேசுங்கள்.

#22 வில்லங்கம்

ஜிஎஸ்டியில் அவர் யோசிப்பது அவருக்குப் பதிவு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நம்பர் வாங்கி ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள், பெயரும் நிலையும் வரும். பதிவு இல்லாதவர் உங்களிடம் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. ரேட்டை ஏற்றிக் கேட்டாலும் பரவாயில்லை, "வரி உள்பட" என்ற வார்த்தை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் இன்னொன்று. பொருள் பட்டியலில் ஒவ்வொரு பிராண்டுக்குப் பின்னாலும் "அல்லது அதற்கு இணையான" என்று இருக்கும். இணையா இல்லையா என்று யார் தீர்மானிப்பது? "வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். டைல்ஸுக்கு பிராண்டை விட "சதுர அடி 60 ரூபாய் வரை, கடை விலை" என்ற மாதிரி எழுதுவது மேல். கதவுக்கு மர வகை, நிலை அளவு 5க்கு 3 அங்குலமா 4க்கு 3 அங்குலமா, அதுவும் வேண்டும்.

#23 தாழ்வாரம்

ரூஃப் கம்பி கட்டும் முன்பே ஒயரிங் பாயின்ட் வரைபடம் முடிந்திருக்க வேண்டும். ஃபேன் பெட்டியும் பைப்பும் தளத்துக்குள் போகும். பிறகு யோசித்தால் தளத்தைக் குடைவார்கள். பாத்ரூம் தாழ்தளத்தில் நீர்க்காப்புப் பூசி, டைல்ஸ் போடும் முன் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திக் கீழே வந்து பாருங்கள். மொட்டை மாடிக்கும் அப்படியே, வெயில், மழைக் காப்பு அடுக்கான வெதரிங் கோர்ஸ் போடும் முன். இந்த இரண்டு சோதனையையும் தவணையோடு கட்டுங்கள்: மாடி டைல்ஸ் பணம் தண்ணீர் சோதனை முடிந்தபின்.

#24 தெற்கு_வாசல்

குறித்துக்கொண்டேன் மேடம். மண் டெஸ்ட் ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன், ரசமட்டம் சார் ஒரு பார்வை பாருங்கள்.

#25 ரசமட்டம்

போடுங்கள். துளை போடும் இடத்தை பில்டரிடம் விடாதீர்கள், மனையில் பள்ளமாகத் தெரியும் மூலையில் ஒன்று கட்டாயம். அங்கேதான் மண் கொட்டி நிரப்பியிருப்பார்கள்.